கிணற்றில் இறக்கிய கேமரா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் நண்பர் ஒருவரின் நிலத்தில் இருக்கும் பழைய கிணற்றுக்குப் போனேன். கையில் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் மடித்து வைத்த டிஷ்யூ பேப்பர். பெட்டியின் அடியில் ஒரு செங்கல்லைக் கட்டி, நைலான் கயிற்றில் மெதுவாக இறக்கினேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன சார், கெணத்துல எதனா உழுந்துடுச்சா?"

"இல்லீங்க, நானேதான் எறக்குறேன். உள்ள தண்ணி பூருதான்னு பார்க்கணும்."

"அதுக்கு எதுக்கு கெணறு? வூட்ல பக்கெட்டு இல்லியா?"

நியாயமான கேள்விதான். ஆனால் பக்கெட்டில் அழுத்தம் இருக்காது. தண்ணீரில் பத்து மீட்டர் ஆழம் போனால், நம்மேல் இருக்கும் காற்றின் அழுத்தம் போல இன்னொரு மடங்கு சேரும். அந்தக் கிணற்றில் அன்றைக்கு முப்பதடி தண்ணீர் இருந்தது. ஒன்பது மீட்டர். எனக்கு அது போதும்.

அந்தப் பெட்டி என் பழைய கேமராவுக்கான நீர்ப்புகா உறை. 2013இல் நான் ஓய்வு பெற்றபோது சிங்கப்பூரில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது. சட்டைப் பையில் போடும் அளவு சின்ன டிஜிட்டல் கேமரா. அதன் உறை 40 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று பெட்டியின்மேல் போட்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 15 வருஷம் ஹைட்ராலிக் பிரஸ் மெயின்டனன்ஸ் பார்த்தவனுக்குக் கடலடிப் புகைப்பட ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சின்ன வயதில் நூலகத்தில் பார்த்த ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் பவளப் பாறைப் படம்தான் காரணம். ஆசைக்கு வயது ஐம்பதுக்கு மேல், கேமராவுக்குப் பன்னிரண்டு.

இப்போது மகள் சொல்கிறாள்: "அப்பா, அதைத் தூக்கிப் போடுங்க. ஜூன் லீவுல எல்லாரும் திருகோணமலை போறோம். நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன்." அவள் சொல்லும் "நல்லது" பெரிய சென்சார் உள்ள காம்பாக்ட் கேமரா. அதன் உறை கேமரா விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு மனை வாங்கியிருக்கலாம். பணம் அவளுடையது என்றாலும் மனம் ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. சரி, இதற்கு முன் இந்த வழியில் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று படித்துப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதல் படமே கசிந்த படம்

கிணற்றில் கேமரா இறக்கிய முதல் கிறுக்கன் நான் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் வேமவுத் என்ற ஊரில் வில்லியம் தாம்சன் என்ற வக்கீல் 1856இலேயே இதைச் செய்துவிட்டார். பாலத்தின் தூண்கள் தண்ணீருக்கடியில் பழுதாகிறதா என்று பார்க்க, ஆளை இறக்காமல் கேமராவை இறக்கினால் என்ன என்பதுதான் அவர் யோசனை. அதாவது, கடலடிப் புகைப்படம் பிறந்ததே ஒரு மெயின்டனன்ஸ் வேலைக்காக! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மரப்பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடி போட்டு, 18 அடி ஆழத்தில் இறக்கி, பத்து நிமிஷம் திறந்து வைத்தார். தண்ணீர் அழுத்தத்தில் பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. தட்டை எடுத்துக் கழுவிப் பார்த்தால், மங்கலாக மணலும் பாறையும் தெரிந்தன. உலகின் முதல் கடலடிப் படம் கசிந்த பெட்டியில் எடுத்தது.

அடுத்து 1893. பிரான்ஸின் தென்கோடியில் பன்யூல்ஸ் என்ற கடற்கரை ஊர். லூயி பூத்தான் என்ற உயிரியல் ஆசிரியர் தானே உடுப்பு மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். உறையை வடிவமைத்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரர். ஒரு படத்துக்கு அரைமணி நேரம் வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்ததாம். வெளிச்சம் போதாமல் மக்னீசியம் தூளை எரித்துப் பார்த்தார். 1926இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் லாங்லி என்ற விஞ்ஞானியும் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும் கடலுக்கு அடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். மிதவையில் மக்னீசியத்தை வெடிக்க வைத்து மேலிருந்து ஒளி பாய்ச்சினார்கள். அந்த வேலையில் லாங்லிக்குக் கடுமையான தீக்காயம் பட்டது.

இந்தக் கதைகளில் ஒன்றைக் கவனித்தேன். இவர்கள் யாரும் கேமராவோடு சண்டை போடவில்லை, தண்ணீரோடுதான் போட்டார்கள். தண்ணீர் ஒளியைத் தின்னும். அதிலும் சிவப்பை முதலில் தின்னும். ஐந்து மீட்டர் போனாலே சிவப்பு பெரும்பாலும் போய்விடும். பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். கடைசியில் எல்லாம் நீலம். இது ஆழத்துக்கு மட்டும் உள்ள கணக்கு இல்லை. எனக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரும் சேர்ந்துதான் கணக்கு. எவ்வளவு கிட்டே போகிறோமோ அவ்வளவு நிறம் மிஞ்சும்.

நம் கடலில்

நம்மவர்கள் கயிற்றில் இறங்கியது அதற்கெல்லாம் வெகு முன்னால். கொற்கை காலத்திலிருந்து முத்துக்குளிப்பு நம் தொழில். காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்குவார். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதோடு நின்றது. அத்தனை தலைமுறை கடலடியைக் கண்ணால் பார்த்திருக்கிறது. ஆனால் அவர்கள் பார்த்ததற்குப் படம் இல்லை.

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது. அதைச் சேர்ந்த எஸ்.மகாதேவன், கே.நாகப்பன் நாயர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960களில் முதுகில் காற்று உருளை மாட்டிக்கொண்டு தூத்துக்குடிக் கடலில் இறங்கி, அடியில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்து எழுதினார்கள். அந்த மூச்சுக் கருவி பிரான்ஸில் 1943இல்தான் உருவானது. அது வந்த இருபது வருஷத்துக்குள் நம் ஆட்கள் அதை மாட்டிக்கொண்டு முத்துப் பாறைகளைச் சுற்றி வந்திருக்கிறார்கள். நமக்குப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் தமிழருக்கு நெருக்கமான கடலடிப் படக் கதை என்றால் அது திருகோணமலைதான். சுவாமி மலை உச்சியில் இருந்த கோணேசர் கோவிலைப் போர்த்துகீசியர் 1622இல் இடித்தார்கள். கற்கள் செங்குத்தாகக் கடலில் விழுந்தன. 1956இல் இரண்டு வெள்ளைக்காரர்கள் அந்தப் பாறைக்கு அடியில் முக்குளித்தார்கள். ஒருவர் ஆர்தர் சி. கிளார்க், அறிவியல் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்றவர். இன்னொருவர் அவருடைய நண்பர் மைக் வில்சன். அடியில் செதுக்கிய தூண்கள் கிடப்பதைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். மறு வருஷம் கிளார்க் அதைப் புத்தகமாக எழுதினார்.

வில்சன் அதோடு விடவில்லை. 1961இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாஸஸ் என்ற பாறைத் திட்டில் மூழ்கிய கப்பல் ஒன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். எல்லாம் ஔரங்கசீப் காலத்துச் சூரத் ரூபாய்கள். 1962இல் "ரன் முத்து தூவ" என்ற சிங்களப் படத்தை இயக்கினார். அதுதான் முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம். கடலடிக் காட்சிகளுக்காகவே மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். அதே மனிதர் பிற்காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் முருக பக்தராக வாழ்ந்தார்! கோணேசருக்குக் கீழே முக்குளித்தவர் சும்மா போக முடியுமா?

கிளார்க்கின் கதை வேறு மாதிரி. அதே 1962இல் அவருக்குப் போலியோ தாக்கியது. தரையில் நடப்பது சிரமமாகிவிட்டது. ஆனால் தண்ணீருக்குள் உடம்புக்கு எடை கிடையாது. அங்கே அவர் மற்றவர்களுக்குச் சமம். பல வருஷம் கழித்தும் முக்குளித்தார். 2008இல் தொண்ணூறு வயதில் கொழும்பில் காலமானார். முழங்கால் வலியோடு படியேறும் நம்மில் பலருக்கு அவர் கதை தெரிய வேண்டும்.

2014இல் நானும் என் மனைவியும் கோணேசரைத் தரிசித்துவிட்டு, நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குப் போனோம். மார்பளவு தண்ணீரில் குனிந்தால் பவளம். என் வாழ்க்கையில் அவ்வளவு குதூகலித்தது கிடையாது. வெறி பிடித்தவன் மாதிரி முந்நூற்றுச் சொச்சம் படம் எடுத்தேன். ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், எல்லாம் நீலம். "சொட்டு நீலம் கொட்டுன மாதிரி இருக்குங்க" என்றாள் என் மனைவி.

சின்ன கேமரா வந்த வழியும் போன வழியும்

அந்தக் காலத்தில் கடலுக்குள் படம் எடுக்க, சாதாரண கேமராவைக் கனமான உலோக உறையில் பூட்ட வேண்டும். 1950களில் ரோலைஃப்ளெக்ஸ் கேமராவுக்கு ஹான்ஸ் ஹாஸ் என்ற ஆஸ்திரிய முக்குளிப்பாளர் வடிவமைத்த உறை பிரபலம். பிறகு பெல்ஜியத்துக்காரர் ஒருவர், கேமராவின் உடம்பையே உறையாக்கிவிட்டால் என்ன என்று யோசித்தார். அது 1963இல் நிக்கான் கம்பெனியிடமிருந்து "நிக்கோனாஸ்" என்ற பெயரில் வந்தது. உறையே இல்லாமல் 50 மீட்டர் ஆழம் போகும், கைக்கு அடக்கமான கேமரா. 2001 வரை இந்த வரிசையை விற்றார்கள். உலகம் முழுக்கக் கடல் விஞ்ஞானிகள் கையில் அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுசு வாங்குவதே வீண் என்று வாதாட நான் வரவில்லை. நிக்கோனாஸ் ஒரு நிஜமான கஷ்டத்தைத் தீர்த்தது. கனமான உறையைத் தள்ளிக்கொண்டு நீந்துகிறவனுக்குக் கை விடுதலை கிடைத்தது. அவர்களுக்கு அது செலவு இல்லை, தீர்வு.

நம் பக்கம் அதெல்லாம் எட்டாக்கனி. எனக்குக் கிடைத்த முதல் கேமரா அக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு ரோலில் 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த "இந்து" கறுப்பு வெள்ளைச் சுருளைப் போட்டுக் கல்யாண வீடுகளில் எடுத்தது நினைவிருக்கிறது. பன்னிரண்டு படம் என்றால், பொத்தானை அமுக்குமுன் பன்னிரண்டு முறை யோசிப்போம்.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் மாறியது. 2010இல் ஜப்பான் கம்பெனிகள் உலகம் முழுக்க அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி காம்பாக்ட். 2023இல் மொத்தமே 80 லட்சத்தைத் தொடவில்லை. அந்தக் கேமராக்களை விழுங்கியது எது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014இல் மூடியதைப் பார்த்தோம். இப்போது சுங்குவார்சத்திரம் ரோட்டில் ஷிஃப்ட் விடும் நேரம் பஸ் பஸ்ஸாகப் பெண் பிள்ளைகள் போகிறார்கள். அவர்கள் கை பட்ட போன்கள்தான் உலகச் சந்தைக்குப் போகின்றன. கேமராக் கடைகளை மூட வைத்த பொருள் நம் தெருக்கோடியில் தயாராகிறது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண் ஒருத்தி அப்படி ஒரு கம்பெனியில் லீக் டெஸ்ட் பார்க்கிறாள். "தாத்தா, நாங்க தண்ணியில போட்டுப் பார்க்க மாட்டோம். காத்தழுத்தம் குடுத்துப் பார்ப்போம். எறங்குச்சுன்னா ரிஜெக்ட்" என்றாள். "அப்ப போனையே கடலுக்குள்ள கொண்டு போகலாமாம்மா?" என்றேன். "உப்புத் தண்ணிக்கு எல்லாம் கம்பெனி கேரண்டி குடுக்காது தாத்தா. ரிஸ்க் எடுக்காதீங்க" என்று சிரித்தாள். போன்களின் மேல் ஐபி 68 என்று போடுவது நல்ல தண்ணீரில், குறித்த ஆழத்தில், குறித்த நேரத்துக்குச் செய்த சோதனை. அலையும் உப்பும் மணலும் அந்தக் கணக்கில் கிடையாது. ஆக, போன் யோசனையைக் கைவிட்டேன்.

ஐந்து "ஏன்"

பிறகுதான் கம்பெனி புத்தி வேலை செய்தது. இந்த வட்டாரத்தில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும், ஒரு மிஷின் பழுதானால் உடனே புது மிஷின் கேட்கக் கூடாது. முதலில் "ஒய்-ஒய்" போட வேண்டும். ஏன் நின்றது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை கேட்டால் வேர் தெரியும். ஜப்பான்காரனிடம் படித்தது. அந்த ஜப்பான்காரன் கேமராவுக்கே அதைப் போட்டுப் பார்த்தேன்.

2014இல் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கெட்டுப் போன காரணத்தை நோட்டில் கோடு போட்டேன். பாதிக்கு மேல் ஒரே காரணம்: தூரத்திலிருந்து எடுத்தவை. அதனால்தான் நீலம், அதனால்தான் மங்கல். தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கிட்டே இருக்கிறோம் என்று நினைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டேன். அடுத்தது, பிளாஷ் போட்டதால் வெள்ளைப் புள்ளியாக நிறைந்த படங்கள். தண்ணீரில் மிதக்கும் தூசியில் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிளாஷ் பட்டுத் திரும்புகிறது. மூன்றாவது, நீருக்கடியில் எடுப்பதற்கென்று கேமராவிலேயே இருந்த செட்டிங்கை நான் தொடவே இல்லை. கேமராவின் குற்றம் என்று கோடு போட்ட படங்கள் ஒரு கை விரலுக்குள்.

சரி, ஏன் கிட்டே போகவில்லை? மீன் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? கேமராத் திரையும் சரியாகத் தெரியவில்லை. ஏன்? நான் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஏன்? மாஸ்க்குக்குள் மூக்குக்கண்ணாடி போட முடியாது.

நோட்டை மூடிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் மூன்று. இரண்டு லட்ச ரூபாய் கேமரா வந்தாலும் அந்த மைனஸ் மூன்று அப்படியேதான் இருக்கும்.

அதுவும் தவிர இன்னொரு விஷயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது. 2015இல் புதுச்சேரியில் ஒரு நாள் ஸ்கூபா பயிற்சிக்குப் போனேன். ஐந்து மீட்டரில் காதுக்குள் கத்தி வைத்த மாதிரி வலி. பிரஸ் ஷாப் சத்தத்தில் பதினைந்து வருஷம் நின்ற காது. டாக்டர் பார்த்துவிட்டு, "மேலே மிதந்து பாருங்க, ஆழம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இதை நான் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. நாற்பது மீட்டர் போகும் உறை பீரோவில் இருக்கும் வரை, என்றைக்காவது போவேன் என்று ஒரு நினைப்பு. புது கேமராவுக்கு மனம் அலைந்ததும் அந்த நினைப்பைப் புதுப்பிக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. என் மனைவி மட்டும் ஒரு நாள் காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க போற ஆழத்துக்கு இருக்கறதே ஜாஸ்தி இல்லீங்களா?"

பக்கத்துக் கடலின் பாடம்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். அங்கே கடலுக்குள் இன்னும் கோவில்கள் இருக்கின்றன என்று மீனவர்கள் தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2002 ஏப்ரலில் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனமும் ஒரு இங்கிலாந்துக் குழுவும் சேர்ந்து முக்குளித்தன. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டருக்குள், வெறும் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர் வரிசைகளும் செதுக்கிய கற்களும் பாசி படர்ந்து கிடந்தன. பூம்புகாருக்கு எதிரே 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஒரு அமைப்பை அதே நிறுவனம் 1990களில் பதிவு செய்திருந்தது.

வங்கக் கடல் கலங்கல். அங்கே எடுத்த படங்களைப் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பச்சை மூட்டத்தில் ஒரு கல், அதன்மேல் ஒரு கை. அழகான படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதை வைத்துத்தான் மீனவர் பேச்சில் விஷயம் இருந்தது என்று வெளியுலகம் நம்பியது. எட்டு மீட்டருக்குள் இருந்ததைப் பார்க்க, அங்கே ஒருவர் இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஸ்ரீபெரும்புதூருக்கே இந்தப் பாடம் தெரியும். 1991 மே 21 இரவு நடந்த கொடுமையை உலகுக்குக் காட்டியது சம்பவ இடத்தில் கிடந்த ஒரு சாதாரண கேமராவும் அதிலிருந்த பத்துப் படங்களும்தான்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2016 கோடையில் கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவின் பவளத்தில் சுமார் 16 சதவீதம் செத்துப் போனதாகத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வெப்பம் இலங்கைப் பவளத்தையும் தாக்கியது. என்னுடைய நீலப் படங்கள் 2014இல் எடுத்தவை, அதாவது அதற்கு முன்னால். அழுக்கடைந்த நீலமாக இருந்தாலும், அந்த இடம் அப்போது எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. ஜூனில் அதே இடத்தில், அதே கேமராவில் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த யோசனை வந்த பிறகு, பழைய கேமராவின்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஆக, கேள்வி ஒன்றுதான் பாக்கி: உறை இன்னும் தாங்குமா?

ஓ-ரிங்

உறையின் உயிர் அதைச் சுற்றி ஓடும் ஒரு ரப்பர் வளையம். ஓ-ரிங். என் வாழ்க்கையில் பாதி அதோடு போனது. எங்கள் பிரஸ்ஸில் 200 பார் அழுத்தத்தைத் தாங்கியது அதன் பெரியண்ணன். 1986இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்ததற்குக் காரணம் குளிரில் விறைத்த ஓ-ரிங். நாற்பது மீட்டர் கடல் என்பது நான்கு பார்தான். ஆனால் நான்கு பாருக்கும் இருநூறு பாருக்கும் ஓ-ரிங்கின் எதிரி ஒன்றே: அழுக்கு. இன்னொரு விசித்திரம், இந்த மாதிரி உறைகள் பெரும்பாலும் ஆழத்தில் கசிவதில்லை. ஆழத்தில் தண்ணீரே மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே, முதல் ஒரு மீட்டரில்தான் கசியும். அதனால் முதலில் அரை மணி மேல்மட்டத்தில், பிறகு அடியில் என்று இரண்டு சோதனை வைத்தேன்.

முதல் முறை வெளியே எடுத்தபோது டிஷ்யூவின் ஒரு மூலை ஈரம். மனசு உடைந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வளையத்தின் குறுக்கே ஒரே ஒரு நரை முடி. என்னுடையதுதான், வேறு யாருடையது? வளையத்தைக் கூர்முனை படாமல் விரலால் கழற்றி, பள்ளத்தைப் பஞ்சால் துடைத்து, ரப்பரை மெல்ல இழுத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, வளைத்துவிட்டால் பழைய வட்டத்துக்குத் திரும்புகிறது. தட்டையாகியிருந்தால் விட்டுவிட்டிருப்பேன். உறையோடு கொடுத்த கிரீஸை மட்டும் பளபளப்பு வரும் அளவுக்குத் தடவினேன். நிறையத் தடவினால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கண்ட கிரீஸும் போடக் கூடாது. சில ரப்பர் ஊதிவிடும்.

இரண்டாம் முறை அரை மணி மேலே, அரை மணி அடியில். எடுத்தேன். டிஷ்யூ அப்பளம் மாதிரி இருந்தது.

முடிவு இதுதான். உறை தாங்கும் வரை பழைய கேமரா. கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் டிஷ்யூ சோதனை. என்றைக்காவது இது தண்ணீர் குடித்தால், உறையே வேண்டாத, 15 மீட்டர் வரை தானே தாங்கும் சின்ன கேமரா ஒன்று போதும். நான் மிதக்கும் இடத்தில் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. மகளிடம் போனில் சொன்னேன். "அப்ப நான் எதுவுமே வாங்கித் தரக் கூடாதாப்பா?" என்றாள் கொஞ்சம் கோபமாக. "ரெண்டு வாங்கித் தாம்மா. எனக்கு மைனஸ் மூணு பவர் வெச்ச மாஸ்க். பேரனுக்கு அவன் மூஞ்சிக்குச் சரியா ஒட்டுற மாஸ்க். அவனை ஜூனுக்குள்ள நல்லா மிதக்கப் பழக்கிடு" என்றேன். பவர் லென்ஸ் போட்ட மாஸ்க் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறதாம். பத்து வருஷமாக எனக்குத் தெரியாமல் போனது!

அன்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் ஆடுகளோடு திரும்பி வந்தார்.

"தண்ணி பூந்துச்சா சார்?"

"பூரல."

"அப்ப புதுசு வாங்க வேணாமா?"

"பொட்டி வேணாங்க. கண்ணாடிதான் வாங்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதைக் கெணத்துல எறக்கித்தான் கண்டுபுடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.